ஐம்பத்தேழாவதாக வந்தவர்

இந்த ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். காலையில் கோலப் போட்டி முடிந்து, பெண்கள் பொங்கல் பானையைச் சுற்றி நின்றுகொண்டிருந்த நேரத்தில், பின்புறத்து மைதானத்தில் சிறுவர்களுக்கான ஓட்டப் பந்தயம் நடந்தது. மைதானத்தை மூன்று சுற்று ஓடி வர வேண்டும். இரண்டாவது சுற்றில் ஒரு பையன் கால் இடறி விழுந்தான். முட்டி சிராய்த்து ரத்தம் வந்துவிட்டது. எழுந்து நொண்டிக்கொண்டே மறுபடி ஓட ஆரம்பித்தவனை, அவனுடைய அப்பா உள்ளே போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டார்.

"விடுங்களேன், இன்னும் ஒரு சுத்துதானே, முடிச்சுட்டு வரட்டுமே" என்றார் அம்மா.

"எல்லாரும் ஓடி முடிச்சாச்சு. இவன் மட்டும் நொண்டிக்கிட்டு ஓடி என்ன ஆகப் போகுது? காலைக் கெடுத்துக்கிட்டான்னா நாளைக்கு ஸ்கூலுக்கு நீ தூக்கிட்டுப் போவியா?" என்றார் அப்பா.

இரண்டும் நியாயமான பேச்சுதான். நேரம் குறிக்க ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை. மற்றவர் வீட்டுப் பிள்ளை விஷயம்.

பையன் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாயசம் பரிமாறும்போதுதான், "தாத்தா, எனக்கு எவ்வளவு டைம் போட்டீங்க?" என்று கேட்டான். முடிக்காத பந்தயத்துக்கு நேரம் போட முடியாதே! என்ன சொல்வது என்று தெரியாமல், "உன்னை மாதிரியே முட்டி அடிபட்டு ஓடின ஒருத்தரைப் பத்திச் சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்தேன். கதை பாதியில் இருக்கும்போதே ஆட்டோ வந்துவிட்டது என்று அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பாதிக் கதையைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அவன் அம்மா படித்துக் காட்டட்டும்.

கதை நடந்தது 1968-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி, மெக்சிகோ நகரத்தில். அன்று ஒலிம்பிக் மராத்தான் ஓட்டம். நகரத்தின் நடுவிலுள்ள சோக்கலோ என்ற பெரிய சதுக்கத்தில் பிற்பகல் 3 மணிக்கு 75 பேர் புறப்பட்டார்கள். முடிவிடம் பல்கலைக்கழக வளாகத்து ஒலிம்பிக் ஸ்டேடியம். தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை போகும் நம் மலை ரயில் பாதை ஏறக்குறைய 46 கிலோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தத் தூரம் பிடிபடும்.

ஊட்டியைச் சும்மா இழுக்கவில்லை. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியின் உயரமும் ஏறத்தாழ அதேதான். ஊட்டிக்குப் போய் இறங்கிய முதல் நாள் பஸ் நிலையத்திலிருந்து மேட்டில் நாலு எட்டு வேகமாக நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். அங்கே காற்றில் ஆக்சிஜன் விகிதம் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. எங்கேயும் சுமார் 21 சதவீதம்தான். ஆனால் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் இருக்கும். ஒரு மூச்சு இழுத்தால் உள்ளே போகிற காற்றே குறைவு என்று அர்த்தம். டீசல் எஞ்சினுக்கும் இதே தொல்லை உண்டு. மேலே போகப் போக இழுவை குறையும். மனித நெஞ்சுக்கூடும் ஒரு வகையில் எஞ்சின்தானே!

அந்த மெல்லிய காற்று சிலருக்கு உதவியும் செய்தது. காற்றின் தடை குறைவாக இருந்ததால் குறுகிய தூர ஓட்டங்களிலும் தாண்டும் போட்டிகளிலும் பழைய சாதனைகள் தூள் தூளாயின. அமெரிக்காவின் பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டியது அங்கேதான். அதை முறியடிக்க 1991 வரை ஆயிற்று. ஆனால் நீண்ட தூரக்காரர்கள் பாடு திண்டாட்டமாகப் போய்விட்டது. பத்தாயிரம் மீட்டரில் உலக சாதனை கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். ஆக்சிஜன் கொடுத்துத்தான் அவரை எழுப்ப வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட ஊரில் 42 கிலோமீட்டர் ஓடப் புறப்பட்ட 75 பேரில் ஒருவர் ஜான் ஸ்டீபன் அக்வாரி. தான்சானியாவின் வடக்கே உள்ள ம்புலு என்ற பகுதியைச் சேர்ந்தவர். பிறந்தது 1938-ல். அவருடைய நாடு விடுதலை பெற்றது 1961-ல். சான்சிபாருடன் சேர்ந்து தான்சானியா என்று பெயர் பெற்றது 1964-ல். அந்தப் பெயரோடு அது கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் இதுதான். அக்வாரி ஒப்புக்குச் சேர்க்கப்பட்டவர் அல்ல, நல்ல ஓட்டக்காரர். இதைச் சொல்லாமல் விட்டால் பிற்பாடு நடந்ததன் பொருள் மாறிவிடும்.

பாதித் தூரத்தைக் கூட எட்டவில்லை. சுமார் 19 கிலோமீட்டர் ஓடியிருப்பார்கள். ஏற்கெனவே தசைப்பிடிப்பு வேறு அவரைப் பிடித்திருந்தது. ஓட்டக்காரர்கள் இடம் பிடிக்க நெருக்கியடித்துக்கொண்டு ஓடிய இடத்தில் மோதல் ஏற்பட்டு, அக்வாரி கீழே விழுந்தார். முட்டியில் ஆழமான காயம். மூட்டும் பிசகிவிட்டது. தோள்பட்டை தரையில் பலமாக மோதியது. வைத்தியம் பார்க்க வந்தவர்கள் காலில் கட்டுப் போட்டார்கள். அவர் எழுந்தார். மறுபடி ஓட ஆரம்பித்தார்.

இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். 19 போனால் பாக்கி 23 கிலோமீட்டர். சென்னையில் எழும்பூரிலிருந்து தாம்பரம் ஏறத்தாழ இவ்வளவு தூரம். மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாலே நடுவில் நமக்கு ஒரு தூக்கம் வரும். அந்தத் தூரத்தை, பிசகிய மூட்டோடு, ஊட்டி உயரத்தில் ஒருவர் கடக்க வேண்டும். தவிர, மராத்தான் ஓடுபவர்கள் எல்லாருக்கும் சுமார் 30 கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு கண்டம் உண்டு. தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து ஏறக்குறையத் தீர்ந்துபோகும் இடம் அது. நல்ல காலோடு ஓடுபவனுக்கே அங்கே கால் ஈயமாகக் கனக்கும். அக்வாரி அந்த இடத்தையும் நொண்டிக்கொண்டுதான் தாண்டினார்.

முன்னால் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலாவின் மீதுதான் எல்லார் கண்ணும் இருந்தது. 1960-ல் ரோம் நகரத்தில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றவர். 1964-ல் டோக்கியோவில், குடல்வால் அறுவை செய்து ஐந்தாறு வாரத்துக்குள் ஓடி மறுபடியும் தங்கம் வென்றவர். அந்த மகா வீரரே மெக்சிகோவில் சுமார் 17 கிலோமீட்டரில் ஓட்டத்தை நிறுத்திவிட்டார். காலில் எலும்பு விரிசலோடு ஓடிக்கொண்டிருந்தார் அவர். வென்றது அவருடைய நாட்டுக்காரரான மாமோ வோல்டே, 36 வயதுக்காரர். எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 20 நிமிடம் 26 விநாடி. ஜப்பானின் கெஞ்சி கிமிஹாரா இரண்டாவது, நியூசிலாந்தின் மைக் ரயான் மூன்றாவது. புறப்பட்ட 75 பேரில் 18 பேர் வழியிலேயே நின்றுவிட்டார்கள்.

மணி ஆறரையை நெருங்கிக்கொண்டிருந்தது. இருட்டத் தொடங்கிவிட்டது. ஸ்டேடியத்தில் சில ஆயிரம் பேர்தான் மிச்சம். அவர்களும் வீட்டுக்குப் புறப்பட எழுந்துகொண்டிருந்தார்கள். அப்போது வெளியே போலீஸ் வண்டிகளின் சைரன் சத்தம். வாசல் வழியாக ஒரு மனிதர் உள்ளே வந்தார். வலது காலில் தொடை முதல் கீழே வரை கட்டு. அது அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நாலு எட்டு ஓட்டம், நாலு எட்டு நொண்டல். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்கரான பட் கிரீன்ஸ்பான் தன் ஒலிம்பிக் ஆவணப் படங்கள் மூலம் இந்தக் காட்சியை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தார். கூட்டம் கை தட்டத் தொடங்குகிறது. அந்த மனிதர் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. பாதையைத்தான் பார்க்கிறார். கோட்டைத் தாண்டினார். ஐம்பத்தேழாவது இடம். முடித்தவர்களில் கடைசி. நேரம் 3 மணி 25 நிமிடம் 27 விநாடி. முதல் ஆள் வந்து 1 மணி 5 நிமிடம் ஆகியிருந்தது.

இன்ஜினீயர் புத்தி சும்மா இருக்காது. தூரத்தை அந்த நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. விழுவதற்கு முன் ஓடிய நல்ல ஓட்டமும் இதில் சேர்ந்திருப்பதால், விழுந்தபின் வேகம் இதைவிடக் குறைந்திருக்கும். ஆனாலும் நம் ஊட்டி ரயில் மலை ஏறும்போது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கடைசியாக வந்தவர், முட்டி பிசகியவர், நமது ரயிலைவிட முன்னால் போய்ச் சேர்ந்திருப்பார்! ரயில்வேயில் இருந்தவன் இதை எழுதுவது அழகல்ல. இருந்தாலும் கணக்கு கணக்குதான்.

ஏன் நிற்கவில்லை என்று பிறகு அவரைக் கேட்டார்கள். என் நாடு என்னை ஐயாயிரம் மைல் தாண்டி அனுப்பியது பந்தயத்தைத் தொடங்குவதற்காக அல்ல, முடிப்பதற்காக என்ற கருத்தில் பதில் சொன்னார். பல நாடுகளில் பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதி வைக்கும் வாசகமாக இது ஆகிவிட்டது. அட்லஸை வைத்து நான் அளந்து பார்த்தேன். தார்-எஸ்-சலாமிலிருந்து மெக்சிகோ நகரம் நேர்கோட்டிலேயே ஒன்பதாயிரம் மைலுக்கு மேல். அவர் பாதியளவுதான் சொல்லியிருக்கிறார். தன் பயணத்தைக் குறைத்துச் சொல்கிற மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை. நம்மில் பலர் இருபது வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு இரண்டு இரவு ரயிலில் வந்த கதையையே வருஷத்துக்கு வருஷம் நீட்டிக்கொண்டு போகிறோம். நானும்தான்.

அனுப்பி வைத்தவர்கள் என்ற நினைப்பு ஒருவனை என்ன பாடு படுத்தும் என்பது மட்டும் நமக்குக் கொஞ்சம் தெரியும். வந்த முதல் மாதம், பாஷை புரியாமல், ரொட்டி இறங்காமல், திரும்பிப் போய்விடலாமா என்று எத்தனை பேர் ஸ்டேஷன் வரைக்கும் போயிருப்போம்! ஊரில் நகையை அடகு வைத்து டிக்கெட் எடுத்துக் கொடுத்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்து திரும்பி நடந்திருப்போம். அக்வாரியின் பதிலைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. விளையாட்டு வீரர்களின் பேட்டி எதுவும் எனக்கு அப்படி நினைவில் நின்றதில்லை.

சரி, பையனின் அப்பாவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர் கட்சிக்கும் சாட்சி இருக்கிறது.

1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் எம்பயர் போட்டிகள். இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ் அன்றைக்கு உலகத்திலேயே வேகமான மராத்தான் ஓட்டக்காரர். கடும் வெயில். அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஸ்டேடியத்துக்குள் நுழையும்போது இரண்டாவது ஆளைவிட சுமார் 17 நிமிடம் முன்னால் இருந்தார். இன்னும் ஒரு சுற்று கூட இல்லை. விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். குடிகாரனைப் போலத் தள்ளாடி, சில சமயம் தவழ்ந்து, சுமார் 200 கஜம் போக 11 நிமிடம் ஆயிற்று. கடைசியில் கோட்டைத் தாண்டாமலேயே ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உயிர் பிழைத்ததே பெரிது. அதற்குப் பிறகு அவர் பந்தயத்தில் ஓடவே இல்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1984-ல், லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு மராத்தான் வைத்தார்கள். ஸ்விட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ், வயது 39, கடைசித் தண்ணீர்ப் பந்தலைத் தவறவிட்டுவிட்டார். ஸ்டேடியத்துக்குள் வரும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது கை தொங்கி, கால் பின்னிக்கொண்டு வந்தார். கடைசிச் சுற்றுக்கு மட்டும் 5 நிமிடம் 44 விநாடி. மருத்துவர்கள் ஓடி வந்தார்கள். தொட்டால் போட்டியிலிருந்து நீக்கப்படுவார் என்பது அன்றைய விதி. அவர் கையை வீசி விலகச் சொன்னார். மருத்துவர்கள் பக்கத்தில் நடந்துகொண்டே ஒன்றைக் கவனித்தார்கள். அவருக்கு இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தது. உடம்பு தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும் வேலையை நிறுத்தவில்லை. அதனால் விட்டார்கள். 37-ஆவதாக முடித்து, கோட்டில் விழுந்து, சில மணி நேரத்தில் தேறிவிட்டார்.

இந்த வியர்வை விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் தொழிலில் 'ஹாட் ஆக்ஸில்' என்று ஒன்று உண்டு. வேகனின் அச்சு முனையில் உள்ள பேரிங் சூடேறிவிடும். புகையும் கருகல் நாற்றமும் வரும். வழியில் கேட்மேன் பார்த்தால் கூடச் சிவப்புக் கொடி காட்டிவிடுவார். வண்டியை நிறுத்தி அந்த வேகனைக் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை. இன்னும் ஒரு ஸ்டேஷன்தானே என்று ஓட்டினால் அச்சு முறிந்து மொத்த வண்டியும் தடம் புரளும். சக்கரத்தில் தட்டை விழுந்திருந்தால் அது வேறு விஷயம். 'டக், டக்' என்று ஊரைக் கூட்டும் சத்தம் போடும். உள்ளே இருப்பவர்களுக்குப் பயமாக இருக்கும். ஆனால் தட்டையின் நீளம் அளவுக்குள் இருந்தால், வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது இந்த வித்தியாசத்தைத்தான். சத்தத்தைக் கேட்டுப் பயப்படாதே, சூட்டைக் கண்டால் அலட்சியம் செய்யாதே.

பீட்டர்ஸுக்கு ஏறியது சூடு. அவரை முதல் தடவை விழுந்தபோதே தூக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பிகிலா நின்றதும் சரியே. விரிசல் விட்ட எலும்பு என்பது விரிசல் விட்ட தண்டவாளம் மாதிரி. அவரை யாரும் கோழை என்று சொல்லவில்லை. அக்வாரியின் முட்டியோ, அதற்கு ஒரு தடவை கட்டுப் போட்டாயிற்று. வலி இருந்தது, வேகம் இல்லை. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது, மூச்சு இருந்தது, எங்கே போகிறோம் என்று தெரிந்திருந்தது. மருத்துவர் இதைப் படித்தால் என்னோடு சண்டைக்கு வரலாம். பிசகிய மூட்டோடு ஓடச் சொல்லி யாருக்கும் நான் யோசனை சொல்லவில்லை. பொங்கல் மைதானத்தில் சிராய்ந்த முட்டியைப் பற்றி மட்டும் கேட்டால், நான் அம்மா கட்சி. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

நம் நாட்டிலும் இந்த ஓட்டத்தில் பெயர் எடுத்தவர் இருந்தார். பீகாரின் பக்சர் பகுதியில் பிறந்து ராணுவத்தில் இருந்த சிவநாத் சிங், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மராத்தானில் 11-ஆவதாக வந்தார். 1978-ல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியச் சாதனையாக நின்றது. 2003-ல் காலமானார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இப்போது அக்வாரிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் பையன் கட்டாயம் கேட்கப்போகிற கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. "அப்புறம் அந்தக் கால் என்ன ஆச்சு, தாத்தா?"

கால் சரியாகிவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1970-ல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் அக்வாரி மறுபடியும் மராத்தான் ஓடினார். இங்கிலாந்தின் ரான் ஹில் தங்கம் வென்ற ஓட்டம் அது. அக்வாரி ஐந்தாவதாக வந்தார். நேரம் 2 மணி 15 நிமிடம் 5 விநாடி. மெக்சிகோவில் மாமோ வோல்டே தங்கம் வாங்கிய நேரத்தைவிட ஐந்து நிமிடம் குறைவு. இடமும் உயரமும் வேறு என்பதால் ஒப்பிடக் கூடாதுதான், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த ஐந்தாவது இடத்தை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. ஐம்பத்தேழாவது இடத்துக்காகத்தான் 1983-ல் அவருடைய நாடு அவருக்கு வீரர் பதக்கம் கொடுத்தது, 2000-ல் சிட்னி ஒலிம்பிக்குக்கு அவரை விருந்தினராக அழைத்தார்கள், 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக் தீபம் தார்-எஸ்-சலாம் வந்தபோது ஏந்தியவர்களில் ஒருவராக அவரும் ஓடினார். இடைப்பட்ட ஆண்டுகளில் ம்புலுவில் தன் நிலத்தில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பையனின் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஸ்டாப் வாட்ச் இன்னும் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. முட்டி ஆறியிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பையனை மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். முதல் சுற்றுக்கு அவன் எடுத்துக்கொண்ட நேரம் என் நோட்டில் இருக்கிறது. மூன்று சுற்றும் ஓடட்டும், நான் நேரம் போடுகிறேன். டிபன் எங்கள் வீட்டில்.